வாரை இழுத்துப் பார்த்தவர்

பிள்ளைகளே, அடுத்த வாரம் திருகோணமலைக் கடலில் கயாக் படகு ஓட்டப் போகிறீர்கள். உங்கள் பைகளை ஏன் இப்படி அடுக்கினேன் என்று கேட்டீர்கள். மஹய்யாவையில் நம் தையல் கடைக்கு வந்த ஒரு படகு வழிகாட்டிதான் காரணம்.

வெயிலில் கறுத்த முகம், உப்பில் வெளிறிய சட்டை. வார் அறுந்த உயிர்காப்பு ஜாக்கெட்டுகளைத் தைக்கக் கொண்டுவந்தார். நான் தைத்துக் கொடுத்த ஒவ்வொன்றையும் தோள்வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

“ஏங்க, என் தையல்ல நம்பிக்கை இல்லையா?” என்று சிரித்தேன்.

“உங்கட தையலில இருக்கு அண்ணை. என்ர கையிலதான் இல்லை. ஒரு பிள்ளைக்கு வாரை இழுத்துப் பாக்க மறந்திட்டன். படகு கவிழ, ஜாக்கெட் மட்டுந்தான் மிதந்தது.”

ஜாக்கெட்டுகளை மடித்துக் கட்டிக்கொண்டே, நீங்களும் கடலுக்குப் போவதைச் சொல்லி, என்ன கொடுத்தனுப்ப என்று கேட்டேன்.

“ஜீன்ஸ் வேண்டாம், நனைஞ்சா பாரம். கெதியாக் காயிற முழுக்கைச் சட்டை, பின்வார் வைச்ச செருப்பு, நாடா கட்டின தொப்பி, தண்ணிப் போத்தல்.” வாசல்வரை போய்த் திரும்பினார். “ஜாக்கெட்டை ஆர் மாட்டிவிட்டாலும், பிள்ளையளை இன்னொருக்கா இழுத்துப் பாக்கச் சொல்லுங்கோ.”

அவர் போன பின், கடையில் தனியாக இருந்து உங்கள் தொப்பிகளுக்கு நாடா தைத்தேன். தைத்ததை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். பிறகு மறுபடியும் இழுத்துப் பார்த்தேன்.