மொகம் மட்டும் இருந்தாப் போதுங்க

சில வருடங்களுக்கு முன்பு சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். கடைகள், பள்ளிக்கூடங்களின் இணையதளங்கள் முடங்கி விழாமல் ஓட வேண்டும், அதுதான் என் பொறுப்பு. கருப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் எங்கோ இருந்து அந்தத் தளங்களைத் தாங்கும் சர்வர் ஓடும், இன்னொரு வரி அடித்தால் நின்றுவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒருநாள் என்னோடு வேலை பார்த்த தோழி, தன் உறவுக்காரப் பெண்ணை அழைத்து வந்தாள். வெண்ணந்தூர்க்காரி. தறி ஓட்டிக்கொண்டிருந்த கணவர், வேலை குறைந்து போனதால் போர்வெல் லாரிக்கு ஆளாக வடக்கே போயிருந்தார். ரயிலில் ஊர் திரும்பும்போது, வழியில் ஒரு ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க இறங்கியவர் திரும்ப ஏறவில்லை. வண்டி கிளம்பி வெகுதூரம் போன பிறகுதான் கூட வந்தவர்கள் கவனித்திருக்கிறார்கள். போன், பை எல்லாம் ரயிலிலேயே இருந்தன. போலீஸில் புகார் கொடுத்தும் தகவல் இல்லை.

"ஏனுங்க்கா, கம்ப்யூட்டர்ல போட்டா அந்தப் பக்கத்துச் சனம் பாப்பாங்களா?" என்று கேட்டாள். "பொண்டாட்டி புள்ளைய உட்டுப்போட்டு ஓடிட்டான்னு ஊர்ல பேசறாங்க. எம்பொண்ணு காதுலயும் அது உழுதுங்க."

பழகிப் பார்ப்பதற்காக நான் சொந்தமாக ஒரு சின்ன சர்வர் வாடகைக்கு வைத்திருந்தேன். அதில் அவருக்காக ஒரு பக்கம் தொடங்கி, தமிழிலும் இந்தியிலும் விவரம் எழுதி, என் போன் நம்பரையும் அவள் கொடுத்த படத்தையும் போட்டேன். படத்தில் அவர் லாரிக்கு முன்னால், நண்பர்கள் நடுவில் நின்றிருந்தார். இடது புருவத்துக்கு மேல் ஒரு வெட்டுத் தழும்பு.

மாதங்கள் போயின. அவ்வப்போது கூப்பிட்டு, "யாராச்சும் பாத்தாங்களாங்க்கா?" என்பாள். "இன்னும் இல்லம்மா" என்பேன்.

ஒருநாள் மதியம் நாமக்கல்லுக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அவளிடமிருந்து போன். "பக்கம் தொறக்க மாட்டேங்குதுங்க்கா" என்று பதறினாள். ராசிபுரத்தில் இறங்கி, பஸ் ஸ்டாண்ட் பேக்கரி மேசையில் லேப்டாப்பைத் திறந்தேன். சர்வருக்குள் நுழையவே முடியவில்லை. ஒருவழியாக நுழைந்து பார்த்தால், வடக்கே யாரோ அந்தப் பக்கத்தைப் பகிர்ந்திருக்கிறார்கள். ஆட்கள் வந்து குவிகிறார்கள். படமோ பெரியது, சர்வரோ சின்னது. தாங்காமல் விழுந்து கிடந்தது. எழுப்பினேன், விழுந்தது. மறுபடி எழுப்பினேன், மறுபடி விழுந்தது. இத்தனை மாதம் யாரும் எட்டிப் பார்க்காத பக்கம், பார்க்க ஆள் வந்த நேரத்தில் இப்படிக் கிடக்கிறதே என்று விடாமல் தட்டிக்கொண்டிருந்தேன்.

படத்தை எடுத்துவிட்டால் தாங்கும். அவளிடம் கேட்டேன்.

"ஐயோ வேண்டாங்க்கா. எழுத்தெல்லாம் போனாப் போகட்டும். மொகம் மட்டும் இருந்தாப் போதுங்க."

லாரியையும் நண்பர்களையும் வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வைக்க முடிவு செய்தேன். கருப்புத் திரையில் படம் தெரியாது. எங்கே வெட்டுவது என்று எண்களாகத்தான் சொல்ல வேண்டும். முதல் தடவை போனில் திறந்து பார்த்தபோது பக்கத்தில் நின்றவரின் தோள் வந்திருந்தது. அடுத்த தடவை நெற்றி பாதியோடு போயிருந்தது. அதற்கடுத்துத்தான் தழும்போடு முழு முகமும் வந்தது. சர்வரை மீண்டும் ஓடவிட்டேன். இந்த முறை விழவில்லை.

மறுநாள் வடக்கே ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஒருவர் கூப்பிட்டார். தழும்பைப் பார்த்து அடையாளம் தெரிந்ததாம். கடும் காய்ச்சலோடு ரயிலடியில் கிடந்தவரை யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அவர் பேசியது அங்கே ஒருவருக்கும் புரியவில்லை. பிழைக்கவில்லை. தேடி யாரும் வராததால் அவர்களே தகனமும் செய்துவிட்டார்கள்.

"ரொம்ப பக்தி உள்ளவர் போல. கடைசி வரைக்கும் சாமி, சாமி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தமிழில் அது கடவுள்தானே?" என்று நர்ஸ் கேட்டார்.

எங்கள் பக்கம் பிள்ளைகளைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். அரைகுறை இந்தியில், "அவர் மகளைக் கூப்பிட்டிருக்கிறார்" என்றேன்.

போனில் சொல்லக்கூடிய செய்தியா அது? வெண்ணந்தூருக்கே போனேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். நான் சொன்னதை அசையாமல் கேட்டாள். கடைசியாக அவர் கூப்பிட்ட வார்த்தையைச் சொன்னபோதுதான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தாள்.

நெடுநேரம் கழித்து, "அந்தப் பக்கத்த நிறுத்திருங்க்கா. இனி ஆரும் அவரத் தேட வேண்டாம்" என்றாள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தே லேப்டாப்பில் சர்வரை நிறுத்தும் அந்த வரியை அடித்தேன்.

"ஆச்சுங்களா?"

"ஆச்சும்மா."

அந்த வேலையில்தான் இன்னும் இருக்கிறேன். அந்தக் கடைசி வார்த்தையை அவளிடம் சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று சில நாட்கள் மனது அடித்துக்கொள்ளும். ஆனால் தன்னை வேண்டாமென்று அப்பா போய்விட்டார் என்று நினைத்தே ஒரு பெண் குழந்தை வளர்ந்திருக்குமே என்று எண்ணும்போது, எனக்குத் தெரிந்த தொழிலால் யாருக்காவது ஏதாவது செய்திருக்கிறேன் என்றால் அது இந்தத் துக்கச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்ததுதான் என்று தோன்றுகிறது.