ஐந்து நிலக்கடலை, ஒரு புளியங்கொட்டை

சித்தப்பா விவசாயிகளோடு இஸ்ரேல் போய்வந்தபோது எனக்குப் பத்து வயது. சாக்லேட்டுக்குக் காத்திருந்தோம், வந்தது ஓர் ஊரின் கதை. அந்த ஊரை உண்டாக்கிய யூதர்கள் ஆளுக்கொரு நாட்டிலிருந்து வந்தவர்களாம், ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குப் புரியாதாம். அவரவர் தோட்டம் அவரவருக்கு. ஆனால் தண்ணீர், டிராக்டர், விற்பனை எல்லாம் பொது. எதற்கும் ஓட்டுத்தானாம்.

எங்கள் வீட்டில் பெரியப்பா, அப்பா, சித்தப்பா என்று அண்ணன்தம்பி மூவருக்கும் ஒரே பேச்சு, ஒரே கிணறு, ஆளுக்கொரு நாள் மோட்டார் முறை. கடைசியில் இருந்தது சித்தப்பா தோட்டம். அங்கே போய்ச் சேருவதற்குள் வாய்க்காலே பாதித் தண்ணீரைக் குடித்துவிடும். அந்தக் கோடையில் அவருடைய குச்சிக்கிழங்கு வாடிக்கொண்டிருந்தது. முறையை ஒழித்து, மூன்று தோட்டத்துக்கும் பொதுவாகச் சொட்டுநீர் போட்டால் பிழைக்கும் என்றார். அதற்கும் ஓட்டு!

"பொம்பளைகளுக்கும் உண்டுங்கண்ணா. ஆரு எதப் போட்டாங்கன்னு கேக்கக்கூடாது."

"உன்ற அண்ணி எனக்கு எதிராப் போட்டுருவாளா?" என்றார் பெரியப்பா.

"போட்டுத்தான் பாக்கறனுங்க," என்றாள் பெரியம்மா.

சம்மதமென்றால் நிலக்கடலை, வேண்டாமென்றால் புளியங்கொட்டை. ஆறு பேரிடமும் பிஸ்கட் டப்பாவை நீட்டியது நான்தான். பெரியப்பா கைவிரலை விரித்தபோது விழுந்ததைப் பார்த்துவிட்டேன். புளியங்கொட்டை.

டப்பாவைக் கவிழ்த்தோம். ஐந்து கடலை, ஒரு கொட்டை.

"ஜெயிச்சாச்சு!" என்று துள்ளினார் சித்தப்பா.

"என்னத்த ஜெயிச்ச? பங்காளிக காரியத்துல ஒருத்தரு வேண்டாம்னாலும் வேண்டாந்தான். ஆருக்கோ மனசில்ல. அவியள நோகடிக்கக் கூடாது," என்றார் பெரியப்பா. அந்த 'ஆரோ'வுக்காக எவ்வளவு இரக்கம்! அம்மாவும் சித்தியும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

"சாமி, நீ பாத்தியா?" சித்தப்பா என்னிடம் குனிந்தார். கேட்கக்கூடாது என்றவரே கேட்கிறாரே! எனக்குக் குழம்பிவிட்டது.

"இல்லீங்க," என்றேன்.

மறுநாள் பெரியப்பாவின் முறை. உச்சிப்பொழுதிலேயே தன் மடையை அடைத்து, தண்ணீர் முழுவதையும் சித்தப்பா தோட்டத்துக்குத் திருப்பிவிட்டார். வேண்டாம் என்று போட்டவரேதான்!

"அண்ணன் நானிருக்கறப்ப உனக்கெதுக்குடா ஓட்டு?" என்று சிரித்துக்கொண்டே மண்வெட்டியைக் கழுவினார்.

சித்தப்பா தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். காலடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கிழங்கு பிழைத்துவிடும். பிறகு ஏன் அவர் முகம் மட்டும் வாடிக்கிடந்தது என்று எனக்குப் புரியவேயில்லை.