கல் கப்பல்

என் மாமனார் காத்தமுத்து மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அசையமாட்டார். என் மாமியார் ரெங்கம்மாவின் படத்துக்கு மாலை போடக்கூடாது.

சுனாமி வந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. அந்தமானில் போர்ட் பிளேயரை ஒட்டிய புரோத்ராபூரில் எங்கள் பக்கத்தில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளில் டிசம்பர் வந்தால் படையல் போடுவார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்குச் சண்டை.

"எங்கம்மாவுக்கு ஒருவாய் சோறு வைக்க விடமாட்டேங்கிறீங்களேப்பா" என்று என் மனைவி விஜயகுமாரி அழுவாள்.

"உசுரோட இருக்கிறவளுக்கு எதுக்குடி படையலு?" என்பார் மாமா.

அதற்குமேல் பேச்சு நகராது. நான் ராமநாதபுரத்துக்காரன், மாமனார் வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளை. எரிச்சலை மென்று முழுங்கிக்கொண்டு கடைக்குப் போய்விடுவேன்.

மாமா பிறந்தது இலங்கை மலைத்தோட்டத்தில். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் ரப்பர் தோட்டம். அங்கே பால் வெட்டினார், கல்யாணமும் பண்ணினார். அந்த டிசம்பரில் விஜயகுமாரிக்குக் காய்ச்சல் முற்றிப்போய், போர்ட் பிளேயரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். துணைக்கு இருந்த மாமா, ரெங்கம்மாவையும் வரச்சொல்லி ஆள் விட்டிருந்தார். பதில் யார் யார் வாய் வழியாகவோ வந்தது. கடைசியாகக் கொண்டுவந்து சொன்னவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒரு பெங்காலி. அவருக்கு அவசரம். மூன்றே வார்த்தை.

"ரெங்கம்மா. கல். ஜஹாஸ்."

ஜஹாஸ் என்றால் கப்பல். கல் என்றால் இந்தியில் நேற்று. நாளைக்கும் அதே கல்தான். கூட வரும் வினைச்சொல்லை வைத்துத்தான் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த மனிதர் வினைச்சொல்லைச் சொல்லாமலே போய்விட்டார். மாமா 'நேற்று' என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கடல் பொங்கியது. ஊரே மேட்டுக்கு ஓட, "அவ அப்பவே கப்பலேறிட்டா, நடுக்கடல்ல ஒண்ணும் ஆகாது" என்று மாமா துறைமுகத்தில் போய் நின்றாராம். வந்த கப்பலில் எல்லாம் தேடினார். ஒன்றிலும் ரெங்கம்மா இல்லை. "வழியில எங்கயோ எறங்கியிருக்கா" என்றார். இருபது வருஷமாக அதையேதான் சொல்லிவந்தார்.

போன டிசம்பரில், உள்ளூர் மிருகக்காட்சிசாலையில் குடும்பத்தோடு ஒருநாள் ராத்திரி கூடாரத்தில் தங்கலாம் என்று ஓர் ஏற்பாடு. என் மகள் சங்கவி போயே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மாமா வரமாட்டேன் என்றார்.

"கச்சால் குரங்கு இருக்காம் தாத்தா."

முதலில் காரில் ஏறி உட்கார்ந்தவர் மாமாதான்.

சாயந்தரம் மற்ற குடும்பங்களெல்லாம் முதலை பார்க்கப் போனார்கள். மாமா குரங்குக் கூண்டைவிட்டு நகராததால் நாங்களும் அங்கேயே நின்றோம். உள்ளே ஒரு தடித்த ஆண் குரங்கு கால்மேல் கை போட்டு உட்கார்ந்திருந்தது.

"இதேமாரி ஒருத்தனுக்கு ஒங்க பாட்டி கங்காணின்னு பேரு வச்சிருந்தா" என்றார் சங்கவியிடம். "வேல வெட்டி கெடையாது. மத்தவங்க வேலைய மேப்பாக்கிறதுதான். நாங்க வச்ச வாழையில மொதப் பழம் அவனுக்குத்தான். 'கங்காணி ஐயா வந்துட்டாரு, சலாம் போடுங்க'ம்பா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. விஜயகுமாரியும் சிரித்தாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டுவிட்டுக் கூடாரத்துக்குள் படுத்தோம். சங்கவி தாத்தாவை விடவில்லை.

"அப்புறம் பாட்டி என்ன பண்ணாங்க?"

"கப்பலேறிட்டா."

"எப்ப?"

"கல்."

"கல்னு மட்டும் எழுதுனா எங்க இந்தி மிஸ் மார்க் போடமாட்டாங்க தாத்தா. ஏறினாங்களா, ஏறுவாங்களான்னு சேத்து எழுதணும்."

பெரியவர்கள் நாங்கள் யாரும் அவர் முகத்துக்கு நேரே கேட்கத் துணியாததைக் குழந்தை கேட்டுவிட்டது. மாமா அவளுக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டார். காத்திருந்து காத்திருந்து சங்கவி தூங்கிப்போனாள்.

"விஜயா" என்றார் மாமா இருட்டில். "நான் கெளம்புறப்ப கொல்லையில ஒரு வாழத்தாரு நின்னுச்சு. 'இப்ப விட்டுட்டு வந்தா கங்காணி தின்னுருவான், சனிக்கிழமை முத்திரும், வெட்டி எடுத்துக்கிட்டுத்தான் கப்பலேறுவேன், புள்ளைக்கு ஆவும்'னா ஒங்கம்மா. அந்தாளு வந்து கல்னு சொன்னதே சனிக்கிழமைதான்."

விஜயகுமாரி எழுந்து உட்கார்ந்தாள்.

"நேத்துன்னா வெள்ளிக்கிழமை. தாரு வெட்டாம எப்படி ஏறியிருப்பா? எனக்கு அன்னிக்கே தெரியும் புள்ள."

இருபது வருஷமாகப் பிடிவாதக்காரர் என்று நான் நினைத்திருந்த மனிதர், தெரிந்தேதான் அத்தனை கப்பலிலும் தேடியிருக்கிறார். விஜயகுமாரி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விடியும்வரை விடவில்லை.

காலையில் சங்கவி கண் விழித்ததும் அதையேதான் கேட்டாள்.

"ஏறினாங்களா, ஏறுவாங்களா தாத்தா?"

"ரெண்டும் இல்ல, தங்கம். ஏறல."

திரும்பி வரும்போது கார் பூக்கடைப் பக்கம் வந்ததும் மாமா, "மாப்புள, ஒரு மாலை வாங்கணும்" என்றார்.

அதற்காகவே வருஷா வருஷம் அழுத விஜயகுமாரி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு வேணாம்ப்பா. நாளைக்கு வாங்கிக்கலாம்."

"நாளைக்குன்னு விடவேணாம்மா" என்றார் மாமா. "நீங்க வண்டிய நிப்பாட்டுங்க மாப்புள."

நான் நிறுத்தினேன்.