உப்பிய முகமும் இந்திராணி மாவும்

டில்லி கரோல் பாக்கில் யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சு: "அந்த நடிகர் வந்து நின்னாரு, இந்திராணி பெரிய ஆளாயிட்டாங்க." கல்யாணப் பந்தியில் சொல்கிறார்கள். மெட்ரோவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்கள். கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்கிறார்கள். வருஷக்கணக்காக இதைக் கேட்டு எனக்கு வயிறு எரிகிறது. கூடவே இருந்தவன் நான். அந்த மாவு என் ஆட்டோவில்தான் வீடு வீடாகப் போனது, இன்றைக்கும் போகிறது. அந்த ஆள் வந்ததால் அந்தம்மா வளரவில்லை. அவர் வந்துபோன பிறகும் பிழைத்துக்கொண்டார், அவ்வளவுதான். நடிகரின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் அவருக்கு ஒரு விளம்பரம்.

இந்திராணியம்மா சாத்தூர்க்காரர். வீட்டுக்காரர் ஜோதிலிங்கம் மத்திய சர்க்காரில் கிளார்க். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம், எதிர் வீட்டுக்குக் கொஞ்சம் என்று மாவு அரைத்துக் கொடுக்க ஆரம்பித்தவர். டில்லி டிசம்பரில் மாவு பொங்காது என்று தமிழ் வீடெல்லாம் ரொட்டிக்கு மாறிவிடும். இந்தம்மா மட்டும் மாவுச் சட்டியை ரஜாயில் சுற்றி, ஹீட்டர் பக்கத்தில் தூங்க வைப்பார்.

"எனக்குப் போத்திக்க ஒண்ணுமில்ல. மாவுக்கு ரஜாயா?" என்று ஜோதிலிங்கம் சார் கத்துவார்.

"ஒங்களுக்குத்தான் ஸ்வெட்டர் இருக்குல்ல? அதுக்கு இருக்கா?"

மந்திர் மார்க் ருக்மிணி மாமிக்குப் புளிப்பு ஆகாது. சில வீடுகளுக்குப் புளித்தால்தான் தோசை. எல்லாம் அந்தம்மா தலைக்குள் இருந்தது. ஒரு நாள் மாவு கொடுத்தால், அடுத்த நாள் "நேத்து எப்படி வந்துச்சு?" என்று நான் கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் வந்தால் எனக்குக் காபி கிடையாது.

சார் ரிட்டையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டிய நேரம் வந்தது. ஊருக்குப் போய்விடலாம் என்றார்.

"சாத்தூர்ல போயி நான் யாருக்கு அரைக்க? அங்க தெருவுக்கு நாலு மாவுக்கடை. இங்கதான் நான் இந்திராணி. அங்க போனா ஜோதிலிங்கம் பொண்டாட்டி."

கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆனது. கரோல் பாக்கில் கீழே ஒரு சின்னக் கடை, மேலே ஓர் அறை. தீபாவளிவரை பார்ப்பது. கடை தன் வாடகையைத் தானே சம்பாதித்தால் டில்லி. இல்லையென்றால் ஊருக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸ் ரயில்.

இங்கேதான் மாப்பிள்ளை அஷ்வத் நுழைந்தான். மகள் வைஷ்ணவியின் புருஷன். டில்லியில் பிறந்தவன், குர்கானில் விளம்பரக் கம்பெனி வேலை. தமிழ் பேசும்போது வழியில் இந்தியையும் இங்கிலீஷையும் ஏற்றிக்கொண்டு வருவான்.

"அத்தை, மாவு அச்சா ஹை. ஆனா பிராண்டுக்கு ஒரு ஃபேஸ் வேணும்."

"என் மூஞ்சிக்கு என்ன கொறச்சல்?"

"நீங்க சூப்பர் அத்தை. உங்களுக்கு ஃபாலோயர்ஸ் இல்லையே."

"ஏன், மாணிக்கண்ணன் தெனம் என் பின்னாடி சட்டியத் தூக்கிட்டு வர்றாரே, பத்தாதா?"

மாணிக்கவாசகம் என்கிற நான் அப்போது சட்டியைத்தான் தூக்கிக்கொண்டிருந்தேன்.

அஷ்வத்தோடு படித்தவன் ஒருவன் நடிகருக்கு மேனேஜர். படம் வெளியாகிற நேரம், நடிகருக்கும் டில்லியில் கொஞ்சம் கூட்டம் தேவைப்பட்டது. பாக்கெட்டில் முகம் போடவும் கடையைத் திறந்துவைக்கவும் ஒத்துக்கொண்டார். புதுப் பாக்கெட் அச்சாகி வந்தது. மேலிருந்து கீழ்வரை நடிகரின் முகம். மீசை மட்டும் என் உள்ளங்கை அகலம்.

இந்திராணியம்மா எப்போதும் பாக்கெட்டின் மேல்பக்கம் ஊசியால் இரண்டு குத்து குத்துவார். மாவு மூச்சு விட வேண்டாமா? இதில் குத்தினால் நடிகரின் கண்ணில் விழுந்தது. மேனேஜர் போனில் அலறினான்.

"மேடம்! சார் கண்ணுல ஊசியா? ஃபேன்ஸ் கொதிச்சிடுவாங்க."

"அவுக கொதிக்கிறது இருக்கட்டும் தம்பி. மாவு பொங்கும்ல? சரி, பின்பக்கம் குத்திக்கிறேன்."

"பின்னாடியும் சார்தான் மேடம். குதிரைல."

அந்தம்மா என்னைப் பார்த்தார். மாடியில் சாருடைய டிரங்குப் பெட்டி இன்னும் பிரிக்காமல் கிடந்தது. "சரி, ஒட்டித் தொலைங்க" என்றார். ஓட்டையில்லாமல் ஒட்டினோம்.

திறப்பு விழா மே மாதம். டில்லி மே மாதம் எப்படி இருக்கும் என்று டில்லிக்காரனுக்குச் சொல்ல வேண்டாம். வீடியோவுக்கு வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று அஷ்வத் பாக்கெட்டுகளை வெயிலில் கோபுரம்போல் அடுக்கிவிட்டான். மேளத்துக்கு ஒரு பஞ்சாபி டோல்காரர். கரோல் பாக்கில் பாதிப் பேர் வந்து நின்றார்கள். அதில் பாதிப் பேர் யாரோ மந்திரி வருகிறார் என்று நினைத்து வந்தவர்கள். விமானம் தாமதம். நடிகர் வரவில்லை.

மாவு காத்திருக்குமா?

முதலில் பாக்கெட்டில் இருந்த நடிகர் கொஞ்சம் சாப்பிட்டுத் தேறியவர்போல ஆனார். பிறகு பல்வலி வந்தவர். பிறகு கன்னம் இரண்டும் உப்பி, மூக்கு உள்ளே போய், மீசை இரண்டு பக்கமும் காதை நோக்கிக் கிளம்பியது. அத்தனை முகமும் ஒரே மாதிரி வீங்கிக்கொண்டே வருகிறது. பக்கத்து ஜூஸ் கடைக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"அரே அண்ணா, துமாரா ஹீரோ தோ மோட்டா ஹோ ரஹா ஹை!"

ஹீரோ குண்டாகிறாராம். ஜோதிலிங்கம் சார் ஒரு பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தொட்ட கையை மெதுவாக எடுத்துக்கொண்டு, நாலடி தள்ளிப் போய் நின்றார்.

ஒருவழியாக நடிகர் வந்து இறங்கினார். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை. ஒரு பாக்கெட்டை எடுத்துத் தன் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரித்தார். காமிராக்கள் எல்லாம் உயர்ந்தன.

டப்.

கண்ணாடி வெள்ளை, மீசை வெள்ளை, சட்டையில் தெரியவில்லை. நடிகர் நாக்கை நீட்டி மீசையை நக்கினார். "உப்பு கரெக்டா இருக்கும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை மன்னிக்கலாம். நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதற்குள் கோபுரத்தில் ஒவ்வொன்றாக டப், டப் என்று ஆரம்பிக்க, டோல்காரர் அதுதான் தாளம் என்று நினைத்து அடிக்கத் தொடங்க, சனம் ஆட ஆரம்பித்துவிட்டது. நானும் ஆடினேன் என்று வைஷ்ணவி சொல்கிறாள். நான் வழுக்கினேன்.

அந்த வீடியோ ஊரெல்லாம் ஓடியது. மறுநாளிலிருந்து கடையில் நிற்க இடமில்லை. அரைக்க அரைக்கப் போகிறது. புதுக் கிரைண்டர் வந்தது. அஷ்வத் தரையில் நடக்கவில்லை. "இதான் அத்தை ஹைப்!" சார்கூட டிரங்குப் பெட்டியைத் திறந்து வேட்டியைக் கொடியில் போட்டார்.

இந்திராணியம்மா மட்டும் தன் வழக்கத்தை விடவில்லை. பை நிறைய வாங்கிப் போன ஒரு காலேஜ் பையன் மறுபடி வந்தபோது கேட்டார்: "தம்பி, நேத்து இட்லி எப்படி வந்துச்சு?"

பையன் முழித்தான். "இட்லி? ஆன்ட்டி, இஸ்மே இட்லி பன்தி ஹை க்யா?"

இதில் இட்லி செய்யலாமா என்று கேட்கிறான்! எல்லாரும் வாங்கிப்போய் மொட்டை மாடியில் வெயிலில் வைத்து, முகம் வெடிப்பதைப் படம் பிடித்திருக்கிறார்கள். அவ்வளவு மாவில் ஓர் இட்லி வேகவில்லை. அந்தம்மா சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றது, தண்ணீர் நிற்கவில்லை.

இதற்கிடையில் பழைய வீடுகளுக்கு மாவு போகவே இல்லை. கடையில் மிஞ்சினால்தானே? ருக்மிணி மாமி என்னை மந்திர் மார்க்கில் வண்டியோடு மறித்தார். "எங்காத்துக்காரர் பிரெட்டைத் தின்னுண்டு என்னை முறைக்கறார். உங்க ஹீரோ வந்து சமாதானம் பண்ணுவாரோ?"

பிறகு மெட்ரோவில் ஒரு குரங்கு சீட்டில் உட்கார்ந்து போகிற வீடியோ வந்தது. சனம் குரங்கு பின்னால் போய்விட்டது. கடை காலி. ஈ ஓட்ட ஈகூட இல்லை.

"அத்தை, அல்காரிதம் மாறிடுச்சு" என்றான் அஷ்வத்.

"யாரு தம்பி அது? அவரு வீட்டுக்கு எவ்வளவு மாவு?"

மேலே சார் கொடியிலிருந்து வேட்டியை எடுத்து மடிக்கிற சத்தம் கேட்டது. வேட்டி மடிக்கச் சத்தம் வராது என்பார்கள். அன்றைக்கு வந்தது. தீபாவளிக்கு அதிக நாளில்லை.

அந்தம்மா தூக்குச் சட்டியில் மாவை ஊற்றினார். "வண்டிய எடுங்கண்ணே" என்றார்.

முதலில் மந்திர் மார்க். மாமி கதவைப் பாதிதான் திறந்தார்.

"யாரு? பெரிய மனுஷியா? உன் ஹீரோவையே வேகவச்சுக்கோ, போ."

"திட்டுங்க மாமி. நல்லாத் திட்டுங்க. திட்டிக்கிட்டே இட்லிப் பானைய மட்டும் அடுப்புல வைங்க. ஒரு ஈடு ஊத்திட்டுப் போறேன். நல்லாயில்லேன்னா இந்தத் தீபாவளிக்கு ஊருக்கு ரயிலேறிடுறேன், உங்க வாசலுக்கு வரமாட்டேன்."

மாமி திட்டிக்கொண்டேதான் பானையை வைத்தார். இட்லி வெந்தது. மாமியின் வீட்டுக்காரர் வெங்கடராமன் சார் உள்ளேயிருந்து வந்து, யாரையும் பார்க்காமல், நின்றபடியே நாலு தின்றார். ஐந்தாவதுக்குக் கையை நீட்டினார். மாமி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாளைக்கும் கொண்டு வாங்கோ. முகரக்கட்டை இல்லாம வெறும் பாக்கெட்டா இருக்கட்டும்" என்றார்.

இப்படியே கிட்வாய் நகர், லோதி காலனி, இன்னும் எங்கெங்கோ. ஒவ்வொரு வீட்டிலும் திட்டு, ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஈடு. வசவு வாங்கவே ஒருத்தர் ஊர் சுற்றுவதை அன்றுதான் பார்த்தேன். திரும்பும்போது அந்தம்மா ஆட்டோவில் பாட்டுப் பாடினார், கேட்கச் சகிக்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு ரயிலைப் பற்றி யாரும் பேசவில்லை. சார் பட்டாசு வாங்கி வந்தார்.

வருஷங்கள் ஆகிவிட்டன. வெறும் வெள்ளைப் பாக்கெட், நீல எழுத்தில் 'இந்திராணி', அவ்வளவுதான். பஞ்சாபி வீடுகளும் வாங்குகின்றன, இட்லிக்கே வாங்குகின்றன. அஷ்வத்துக்கு இப்போது வேலை, தினமும் போன் போட்டு "நேத்து எப்படி வந்துச்சு?" என்று கேட்பது. "கைஸா ஆயா?" என்றுதான் கேட்கிறான். போகட்டும்.

ஒரு வீடுதான் திரும்பவில்லை. லோதி காலனி மீனாக்ஷி டீச்சர். அந்த மே மாதம் மகள் மேதாவின் பிறந்தநாளுக்கு மாவு சொல்லியிருந்தார்கள். நாங்கள் கொடுக்கவில்லை. வந்த விருந்தாளிகளுக்கு டீச்சர் பிஸ்கட் கொடுத்தார்களாம். அந்த வாசலில் நான் எத்தனையோ முறை நின்று "வேண்டாம்" வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இனிமேல் போக மாட்டேன் என்று போன வாரம் சொல்லிவிட்டேன்.

இன்று காலை வண்டியில் மாவை ஏற்றியதும் இந்திராணியம்மா தனியாக ஒரு பாக்கெட்டை என் மடியில் வைத்தார்.

"டீச்சர் வீட்டுல இன்னிக்கும் ஒருவாட்டி கேட்டுருங்கண்ணே. வேண்டாம்னா சண்டை போடாம வந்துருங்க. அப்புறம், அந்த மூஞ்சியக் கொஞ்சம் சிரிச்சாப்புல வச்சுக்கங்க."