எரிந்த பக்கத்துப் பூ

என் அக்காவை வீட்டில் சருகு என்றுதான் கூப்பிடுவோம். பட்டப்பெயர் நான் வைத்தது. காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி அடுக்கிப் பாதுகாக்கும் காப்பகத்தில் அவளுக்கு வேலை. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் இரும்பு அலமாரிகள். உள்ளே கால் வைத்தாலே அந்துருண்டை வாடை மூக்கைத் துளைக்கும். நான் தையல்காரி. தடித்த தண்டுகள் கோந்துக்கு நிற்காது, நூலால் தாளோடு தைக்க வேண்டும் என்பதால் அவ்வப்போது எனக்கும் அங்கே வேலை வரும். போன கொஞ்ச நேரத்திலேயே எனக்கு மூச்சு முட்டும். அக்காவுக்கு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே முட்டுகிறது.

சூரியகாந்திக் குடும்பத்தில் ஒரு கூட்டத்தை வகை பிரிப்பது அவள் பொறுப்பு. மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் வறண்ட புல்வெளிகளில் முளைக்கும் ஊதாப் பூச் செடிகள். நாம் ஒரு பூ என்று பறிப்பது அந்தக் குடும்பத்தில் ஒரு பூவே கிடையாது, ஏகப்பட்ட குட்டிப் பூக்களின் கூட்டுக் குடித்தனம். செடிகளும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே முகஜாடை. இலைக்கு அடியில் ரோமம் இருக்கிறதா, பூவைத் தாங்கும் செதில் கூரா மொட்டையா என்று லென்ஸில் கண்ணை வைத்துக்கொண்டு பிரிக்க வேண்டும். இத்தனை பிரித்தவள் அந்தப் புல்வெளியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பறிப்பவர்கள் வேறு ஆட்கள். இவளுக்கு வருவது காய்ந்த செடிக் கட்டுகள்தான்.

அந்தப் புல்வெளியில் ஒரு ஆய்வு நிலையம் உண்டு. அங்கே மாற்றல் கேட்டு இயக்குநரிடம் நடையாய் நடந்தாள். எதைக் கேட்டாலும் "ஆகட்டும், பார்க்கலாம்" என்பார். அவருக்கு ஆகட்டும் சார் என்றே பெயர். அந்த முறை மட்டும், "இந்தக் கூட்டத்தை முடிச்சுக் குடும்மா. அங்க ஒரு இடம் காலியாகுது, அது உனக்குத்தான்" என்றார்.

அக்கா முடித்தாள். முடித்ததோடு ஒரு புது இனத்தையும் பிடித்தாள். இலையே இல்லாமல் தரையிலிருந்து நேராகப் பூவாக எழும்பும் குட்டைச் செடி. அதை இலையுள்ள நெட்டைச் செடியிலிருந்து தனியாகப் பிரித்து, விளக்கம் எழுதி, அச்சுக்குத் தயாராக வைத்தாள். ஆகட்டும் சாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அக்கா வெயிலுக்கு ஒரு தொப்பி வாங்கி, அதை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிந்தாள். "சருகுக்குக் கல்யாணக் களை வந்துடுச்சு" என்று நான் கேலி செய்தேன்.

அப்போதுதான் கடைசிக் கட்டு வந்தது. எல்லோரும் செடியின் மேல்பகுதியை நறுக்கித்தான் அனுப்புவார்கள். இந்த மகராசன் கடப்பாரையோடு போயிருக்க வேண்டும், வேரோடு பெயர்த்து அனுப்பியிருந்தார். மணிக்கட்டுத் தடிமனில் ஒரு வேர்க்கட்டை. அதன் ஒரு பக்கம் தீயில் கரிந்திருந்தது. அந்தக் கரியிலிருந்து இலையில்லாத குட்டைப் பூ. தீ படாத மறுபக்கத்தில் இலைகளோடு நெட்டைத் தண்டு.

அக்கா லென்ஸைக் கையில் எடுக்கவே இல்லை.

"ரெண்டும் ஒண்ணுதான்டி. புல்லு எரிஞ்சா இலைக்குக் காத்திருக்காம பூத்துடுது. எரியாத பக்கம் சாவகாசமா வளருது. ஒரே செடியை நான் ரெண்டாக்கி வச்சிருக்கேன்."

அறைக்குள்ளேயே உட்கார்ந்து பிரிப்பவர்களுக்கு வரக்கூடிய தப்புதான். தாளில் செடி வரும், தீ வராது. ஆனால் இலையையும் உயரத்தையும் வைத்துத்தான் அவள் மொத்தக் கூட்டத்தையும் பிரித்திருந்தாள். சொன்னால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். அதுவரை அந்த இடம் காத்திருக்காது.

"வேற அலமாரியில சொருகிடுக்கா. யாரு தேடப் போறா?" என்றேன். அங்கே இடம் மாறிப்போன தாளை யாரும் கண்டுபிடித்ததாகச் சரித்திரமே இல்லை. சொன்னதற்கு எனக்கு வெட்கமில்லை, இப்போதும் இல்லை.

அக்கா அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஆசைதான்.

"சொருகிட்டுப் போயிடலாம்டி. ஆனா இது அங்கதானே இருக்கு? தீப் பிடிக்கிறப்பல்லாம் பூக்குமே. அது மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

தாளை எடுத்துக்கொண்டு போய் இயக்குநர் மேஜையில் வைத்தாள். அவர் ஆகட்டும் என்று சொல்லவில்லை. "அந்த இடத்துக்கு வேற ஆளைப் போட்டுடறேன். நீ மறுபடி ஆரம்பிம்மா" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. நேர்மைக்குப் பரிசாக அதே அறையா?

இப்போது அங்கே போன ஆள் அக்கா கேட்டபடி வேரோடு அனுப்புகிறார். தொப்பி அலமாரிக் கைப்பிடியில் தொங்குகிறது. போன வாரம் ஒரு வேரைத் தைக்கும்போது கொஞ்சம் மண்ணும் சாம்பலும் மேஜையில் உதிர்ந்தன. துடைக்கப் போன என் கையை அக்கா பிடித்துக்கொண்டாள். ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணை மூடி மோந்து பார்த்தாள்.

"என்னக்கா, புல்வெளி வாசனை வருதா?"

"அந்துருண்டை வாடைதான்டி அடிக்குது" என்று சொல்லிவிட்டு, அடுத்த தாளை இழுத்துக்கொண்டாள்.