கண்ணீர்ச் சுழிக் குதிரை

எருமப்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு நான் ஜில்லா போர்டு மருத்துவச்சியாக இருந்த காலம் அது. வலி கண்ட வீட்டிலிருந்து மாட்டு வண்டி வந்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும் வேளையாக இருந்தால் மாட்டை அவிழ்க்க மாட்டார்கள். நான் நடந்து போவேன். அந்தக் கோடையில் அப்படி நடந்து போய்ச் சேர்வதற்குள் ஒரு பெண் இறந்துபோனாள். மாடு இறைப்பில் இருந்தது என்று வீட்டார் சொன்னார்கள். அது பொய்யில்லை. இனி யார் வீட்டு மாட்டையும் எதிர்பார்ப்பதில்லை என்று திரும்பும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

வழியில்தான் பவுண்டு. பயிரை மேய்ந்து பிடிபட்ட ஆடுமாடுகளை அடைத்துவைக்கும் அந்தப் பட்டிக்குள், வெள்ளாடுகளுக்கு நடுவே ஒரு செந்நிறக் குதிரை நின்றுகொண்டிருந்தது. விலா எலும்புகள் தெரிந்தன. நாமக்கல்லில் ஜட்கா வண்டி ஓட்டும் ஒருவர் வேண்டாமென்று அவிழ்த்து விட்டுவிட்டாராம். சோளக்காட்டில் பிடித்துக் கொண்டுவந்து அடைத்திருந்தார்கள். மீட்க யாரும் வரவில்லை.

நான் எடுத்துக்கொள்கிறேன் என்றதும் பவுண்டுக்காரர் குதிரையின் முகத்தைத் திருப்பிக் காட்டினார். இடது கண்ணுக்குக் கீழே மயிர் சுழித்திருந்தது.

"கண்ணீர்ச் சுழிங்கம்மா. வெச்சிருக்கறவங்க ஊட்டுல அழுகை ஓயாதுங்க. போதாததுக்கு, வண்டியில ஆள் ஏறுனா நின்னுக்கும், பின்னால பின்னால போகும்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கம்பியைக் காய்ச்சி ஒரு சூடு வெச்சுச் சுழியை அழிச்சுத் தரட்டுங்களா? அப்பறம் ஒண்ணும் பண்ணாது" என்றார்.

கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் காய்ச்சிய கம்பி. வேண்டாம் என்றேன். ஏற்கெனவே அதன் உடம்பில் சாட்டைத் தழும்புகள் போதுமான அளவு இருந்தன.

தாலியறுத்தவளுக்குச் சுழிக் குதிரை நல்ல சோடிதான் என்று காப்பிக் கடையில் பேசிக்கொண்டார்கள். என் காதில் விழவேண்டும் என்றே பேசினார்கள், விழுந்தது. நான் வீட்டுக்குப் போய்க் கொள்ளு ஊறவைத்தேன்.

உடம்பு தேறியதும் ஒரு பழைய ஜட்காவைச் செப்பனிட்டு அதில் பூட்டினேன். வெறும் வண்டியை ஒழுங்காக இழுத்தது. குதிரையைப் பூட்டும் ஏர்க்காலுக்குப் பக்கத்தில் முன்பலகையில் நான் உட்கார்ந்தாலும் இழுத்தது. மருந்துப் பெட்டியையும் தண்ணீர்க் குடத்தையும் பின்னால் ஏற்றிய அன்று காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு, வண்டியைக் கள்ளி வேலிக்குள் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டது. முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, ஏன் அன்று மட்டும் அப்படிச் செய்தது என்று யோசித்தேன். சாட்டைத் தழும்புகளையே பார்த்துக்கொண்டிருந்த நான் அப்போதுதான் குனிந்து வயிற்றைப் பார்த்தேன். முன்னங்கால்களுக்குப் பின்னே, வயிற்று வார் படும் இடத்தில், மயிரே இல்லாமல் தோல் தடித்திருந்தது. வண்டியில் பின்பாரம் ஏறினால் ஏர்க்கால் மேலே தூக்கும்; கூடவே வயிற்று வாரும் தூக்கி, சரியாக அந்த இடத்தில் அறுக்கும். ஜட்காவில் ஆட்கள் ஏறுவது பின்பக்கமாகத்தான். அது நின்றதற்கும் பின்வாங்கியதற்கும் காரணம் கண்ணுக்குக் கீழே இல்லை.

வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் போட்டுத் தோல் மெத்தென்று ஆகும்வரை வண்டி பூட்டவில்லை. பிறகு வாருக்குப் பழைய கம்பளியைச் சுற்றித் தைத்து, அதை மட்டும் கட்டிவிட்டு அருகில் நடத்திப் பழக்கினேன். அதன்பின் வண்டியைப் பூட்டி, ஏர்க்கால் தூக்காதபடி முன்னால் மணல் மூட்டை வைத்துவிட்டுப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கூட்டினேன். காது மடிந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்வேன். கடலை அறுவடைக்குள் அது முன்பாரம் சரியாக இருக்கும்வரை எவர் ஏறினாலும் பின்வாங்காமல் இழுக்கப் பழகிவிட்டது. என் கைக்கு மட்டும்தான். வேறு யார் கடிவாள வாரைப் பிடித்தாலும் நகராது.

பக்கத்து ஊர் மணியக்காரர் என் வீட்டுக்கு வந்தது அப்போதுதான். நல்ல கனத்த உடம்பு; நின்றபடியே பேசினார்.

"ஏனுங்கம்மிணி, நீங்க போறது புள்ள பொறக்கற ஊட்டுக்கு. அங்க அழுகையைப் பூட்டிக்கிட்டுப் போலாமுங்களா?"

"பொறந்த புள்ள அழுகோணுமுங்க. அழுகாட்டித்தான் எனக்குப் பயம்."

அவர் சிரிக்கவில்லை. அந்தக் குதிரை தங்கள் ஊர் மாரியம்மன் கோயிலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று ஊரில் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். கேட்டுக்கொண்டேன் என்றேன். சரி என்று சொல்லவில்லை. அதன்பிறகு அவர் ஊரிலிருந்து என்னை யாரும் கூப்பிடவில்லை. மற்ற ஊர்களுக்குக் குதிரையோடுதான் போனேன்.

அடுத்த தை மாதம் ஒரு காலையில் அந்த ஊரிலிருந்து ஆள் ஓடிவந்தார். மணியக்காரர் மருமகளுக்கு முந்தின நாளிலிருந்தே வலி. வண்டியைப் பூட்டினேன். கோயில் வந்தது, வேகத்தைக் குறைக்காமல் தாண்டினேன். வாசலில் நின்ற மணியக்காரர் குதிரையைப் பார்த்தார், வழிவிட்டு ஒதுங்கினார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். குழந்தை குறுக்கே கிடந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்திருந்தது. நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு உடனே போகவேண்டும், இல்லாவிட்டால் இரண்டு உயிரும் போய்விடும் என்று சொன்னேன். மாட்டைப் பூட்டச் சொல்லித் திரும்பினார் மணியக்காரர்.

"மாடு போய்ச் சேராதுங்க" என்றேன்.

மெத்தையோடு அவளைத் தூக்கிப் பின்பக்கமாக ஏற்றினார்கள். மாமியாரும் உள்ளே ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஏர்க்கால் தூக்கியது. குதிரையின் காது மடிந்தது. ஒரு கால் பின்னால் போனது. கடிவாள வாரை இழுத்துப் பிடித்தேன்.

"முன்னால பாரம் வேணுமுங்க. நீங்க ஏறி என் பக்கத்துல உக்காருங்க."

"நானுங்களா?"

"இந்த ஊட்டுல உங்களைவிடக் கனமான ஆள் யாருங்க?"

ஏறினார். முழங்கால் குதிரையின் வாலில் பட்டது. ஏர்க்கால் மெல்லக் கீழே இறங்கியது. காது முன்னால் திரும்பும்வரை காத்திருந்து, கடிவாள வாரைத் தளர்த்தினேன். நடந்தது, கோயிலைத் தாண்டியதும் ஓடியது.

ஓடையைக் கடந்து மேட்டில் ஏறும்போது பாரம் மறுபடி பின்னுக்குச் சரிந்தது. முன்னால் சாயச் சொன்னேன். மணியக்காரர் இரண்டு கைகளையும் குதிரையின் முதுகில் ஊன்றிக் குனிந்துகொண்டார். "போ சாமி, போயிரு சாமி" என்று அவர் அதனிடம் முணுமுணுத்ததை நான் கேட்டேன். மேடு ஏறி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தையைத் திருப்பி எடுத்தார்கள். முதலில் சத்தமே இல்லை. பிறகு அழுதது. வராந்தாவில் நின்ற மணியக்காரரை நான் திரும்பிப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாயும் பிள்ளையும் வீடு திரும்பிய பின், வெற்றிலை பாக்கும் வாழைத்தாரும் எடுத்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார். நெடுநேரம் குழந்தையைப் பற்றிப் பேசினார். கிளம்பும்போதுதான் வந்த காரியத்தைச் சொன்னார்.

"நல்ல சீவனுங்க அது. அந்தச் சுழியை மட்டும் ஒரு சூடு வெச்சு அழிச்சுப்போட்டா, ஊருக்குள்ள யாரும் வாயைத் தொறக்க மாட்டாங்க. கைதேர்ந்த ஆளு இருக்கறான், நானே கூட்டியாறேன். ஊருக்கும் ஒரு சமாதானம் வேணுமில்லீங்களா?"

நன்றியாகத்தான் சொன்னார். அதனாலேயே எனக்குக் கோபம் அதிகமாக வந்தது.

"அந்தச் சுழியோடதானுங்க உங்க மருமகளை இழுத்துட்டுப் போச்சு. அந்தச் சுழியோடதான் இனியும் உங்க ஊருக்கு வரும். சூடு வெக்கறதா இருந்தா, கம்பியை எடுத்துக்கிட்டு மொதல்ல தாலியறுத்த எங்கிட்ட வாங்க."

வெற்றிலையை எடுத்துக்கொண்டேன். வாழைத்தாரில் பாதியைக் குதிரைக்குப் போட்டேன், அவர் பார்க்கும்படியாகவே.

அடுத்து அந்த ஊருக்குப் போனது அங்கே ஒரு கூலிக்காரர் வீட்டுக்கு. கோயிலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். அவசரமில்லை, அவர் மனைவிக்கு இப்போதுதான் வலி தொடங்கியிருந்தது. குதிரைக்குத் தொட்டியில் தண்ணீர் காட்டினேன். மரத்தடியில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். குதிரை குடித்து முடித்து, ஈர வாயோடு அவர்கள் பக்கம் முகத்தைத் திருப்பியது. சுழி நன்றாகத் தெரிந்தது. எல்லோரும் ஆற அமரப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சற்று நேரம் அப்படியே நிற்கவைத்தேன். பிறகு நடுத்தெருவிலேயே ஓட்டிக்கொண்டு போனேன்.