சுருவில் றோட்டில் ஆறு நிமிடம்

1. கத்திய சுவர்

"அம்மா, இருங்கோ! உடனை இருங்கோ!"

கத்தியது சுவர். கேட்டவுடன் பக்கத்துக் கதிரையில் தொப்பென்று இருந்தவன் நான். இருக்கவேண்டிய பரமேஸ்வரி அக்காவோ நின்றபடியே, "உவன் என்ரை மோன் சொன்னது எனக்கு, தம்பி. நீர் எழும்பும்" என்றார்.

தீவுப்பகுதி ஆஸ்பத்திரியில் இயன்மருத்துவராக, ஊர் வாயில் 'பிசியோ'வாக, இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவன் நான். ஓய்வுக்கு ஆறு மாதம் இருந்தபோது நடந்தது இது. ஆட்களை நடக்கவைத்துச் சம்பளம் வாங்கினேன். நான் மட்டும் மோட்டார் சைக்கிளில் திரிந்தேன். நான் நோயாளியின் அறைக்குள் போகுமுன் என் வயிறு போய் நலம் விசாரித்துவிடும்.

அக்கா நெடுந்தீவுக்காரி, வயது அறுபத்தாறு. மாரடைப்பு வந்து, கடலால் மோட்டார் போட்டில் ஏற்றி, யாழ்ப்பாணத்தில் ஸ்டென்ட் வைத்து, ஆறு கிழமையாக, நாற்பது நாளுக்கு மேல், சுருவிலில் தங்கை வீட்டில் இருந்தார். இருந்தார் என்பதைவிடக் கிடந்தார் என்பதே சரி. கனடாவிலிருந்த மகன் கண்ணன் அறையிலும் விறாந்தையிலும் பேசும் கமரா பூட்டுவித்திருந்தார். அக்கா கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தால் கனடா கத்தும். 'இனி நடக்கலாம், நடக்கவும் வேண்டும்' என்று கிளினிக் டொக்டர் துண்டு எழுதித்தான் என்னை அனுப்பியிருந்தார். கமராவுக்குத் துண்டு வாசிக்கத் தெரியாது.

"என்ரை நாலு மாட்டையும் வித்து, வீட்டையும் பூட்டி, என்னைக் கொழும்பிலை ஒரு மாடிவீட்டுப் பிளட்டிலை கொண்டுபோய் வைக்கப்போறானாம்" என்றார் அக்கா. "எனக்கு என்ரை வீட்டை போகவேணும். அதுக்கு வழி பண்ணும். மிச்சக் கதை வேண்டாம்."

நான் எழும்பி, சட்டையை இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் பேசினேன். "தம்பி, ஆறு கிழமை தாங்கோ. ஆறு நிமிட நடைச் சோதனை எண்டு ஒண்டிருக்கு. நிக்காமல் முந்நூறு மீற்றர் தாண்டினா அம்மா நெடுந்தீவு. தாண்டாட்டிக் கொழும்பு."

சுவரில் கண்ணனின் குரல் இறங்கியது. "சரி. ஆனா நான் வீடியோவிலை பாக்கவேணும். அம்மான்ரை முகம் முழுக்கத் தெரியவேணும்."

"தெரியும்" என்றேன். யோசிக்காமல் கொடுத்த வாக்கு.

2. பவுசரும் வாளியும்

முதல் நாள் பன்னிரண்டு அடி. கால் இரண்டும் நடுங்கின. கட்டிலில் வந்து இருந்த அக்கா, "நெஞ்சு பழுதாப்போச்சு. இனி என்னத்தை?" என்றார்.

பாடப்புத்தகம் வாயில் வந்தது, விழுங்கிவிட்டேன். வாசலில் குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி நின்றது.

"உதைப் பாருங்கோ அக்கா. சுவாசப்பைதான் ஒக்சிசன் எண்ட தண்ணி நிரப்பிற இடம். இரத்தம் பவுசர். இதயம் எஞ்சின். உங்கடை கால் தசை, வாளியோடை றோட்டிலை நிக்கிற வீடு. நடக்க வெளிக்கிட்டா வீடு கூடக் கேக்கும். அப்ப மூச்சும் கூடும், எஞ்சினும் வேகமா ஓடும்."

"என்ரை எஞ்சின் அடிபட்டதெல்லோ?"

"ஓம். அடிபட்ட துண்டு திரும்ப முளைக்காது. ஆனா கிடந்து கிடந்து கால் வாளியைத் துலைச்சுப்போட்டுது. அதுதான் இப்ப கரைச்சல். கால் பழகினா, வாற ஒக்சிசனிலை கூட எடுக்கும். எஞ்சினுக்கு ஆக்கினை குறையும்."

அக்கா என் வயிற்றை மேலும் கீழும் பார்த்தார். "உம்மடை வீட்டிலை வாளி இல்லைப்போலை. நேரா தண்ணி ராங்க்தான் கட்டியிருக்கிறீர்."

இருபதடி, ஐம்பதடி, வாசல் படலை வரை, பிறகு றோட்டு. வேகத்துக்கு எங்கள் தொழிலில் ஓர் எளிய கணக்கு உண்டு: நடந்துகொண்டே கதைக்க முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அக்காவுக்குப் பாட்டு வராது, ஏச்சு வரும். கொழும்பு பிளட்டை முழு வசனத்தில் ஏசினால் வேகம் சரி. ஒவ்வொரு சொல்லாக ஏசினால் மெதுவாக்குவேன்.

மூன்றாம் கிழமை நான் மடைத்தனம் ஒன்று செய்தேன். விறாந்தையில் பத்து நிமிடம் நடந்தவரைப் பல்ஸ் பார்க்கவென்று திடீரென நிறுத்தினேன். அக்கா ஒரு பக்கம் சரிந்தார், தாங்கிப் பிடித்தேன். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி இறுகி, கீழே இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளிவிடும். சட்டென்று நின்றால் அந்தத் தள்ளல் இல்லை. இரத்தம் காலிலே தேங்க, தலை சுற்றும். நடையை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தவேண்டும் என்று மற்றவர்களுக்கு வகுப்பு எடுத்தவன் நான்தான்.

இவ்வளவும் கமராவுக்கு முன்னால். கண்ணன் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. ஆனால் சரிந்ததற்கு அடுத்த நாள் காலையிலேயே நான் போனபோது அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு படலையில் நின்றார். "பிழை விட்டது நீர். நடக்கிறது நான். வாரும்."

3. ஆறு நிமிடம்

சோதனை நாள் காலை, றோட்டில் முப்பது மீற்றர் அளந்து, இரண்டு முனையிலும் திரும்பும் இடத்துக்கு அடையாளமாக வெறும் பெயின்ற் ரின் டப்பா வைத்தேன். முகம் முழுக்கத் தெரியவேண்டும் என்று வாக்குக் கொடுத்திருந்தேனே, அதனால் போனைப் பிடித்தபடி அக்காவுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தேன். அவர் நடக்கும் தூரம் முழுவதையும் நானும் நடக்கவேண்டும் என்பது இரண்டாம் நிமிடத்தில்தான் உறைத்தது.

நான்காம் நிமிடம் கண்ணன் அலறினார். "ஐயோ, அம்மாவுக்கு மூச்சு இழுக்குது! நிப்பாட்டுங்கோ! இப்பவே நிப்பாட்டுங்கோ!"

போனுக்கு மிக அருகில் இருந்தது என் வாய். "அது... நா... நான்..." அதற்கு மேல் வரவில்லை.

அக்கா நிற்கவில்லை. "கத்தாதை மோனை. இழுக்கிறது இந்தப் பிசியோத் தம்பிக்கு. எனக்கு ஒண்டுமில்லை. தம்பி, போனை இஞ்சை தந்திட்டு உந்த மதிலோடை இரும்."

இருந்தேன். அக்கா போனைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நடந்தார். நான் மதிலோடு இருந்து மணிக்கூட்டைப் பார்த்தேன். ஆறு நிமிடம் முடிய, முந்நூற்று முப்பத்துநான்கு மீற்றர்.

போனில் மகனின் குரல் வந்தது. "அப்பா நெஞ்சு நோவெண்டு சொல்லி, போட் வர முந்திக் கண்ணை மூடினவர். நான் இஞ்சை போனைக் காதிலை வைச்சுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தனான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆறு கிழமையாக அக்காவின் பல்ஸை மட்டும் பார்த்திருக்கிறேன்.

"மாரடைப்பு திரும்ப வராதெண்டு என்னாலை சொல்ல ஏலாது தம்பி" என்றேன், மூச்சு வந்தபிறகு. "கிடந்தாலும் வரும். ஆனா கிடந்த உடம்பு அதைத் தாங்காது."

"எனக்கும் பயம்தான் மோனை" என்றார் அக்கா. "நான் பயத்தோடை மாட்டைப் பாக்கிறன். நீ பயத்தோடை வேலைக்குப் போ."

"மருந்துக் குளிசை போடுறதை ஒவ்வொரு நாளும் எனக்குக் காட்டவேணும்."

"காட்டுறன்."

"சரி, போங்கோ. மாட்டை விக்கமாட்டன்."

புதிதாக வரும் பிசியோப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நோயாளி எவ்வளவு தூரம் நடப்பார் என்று அளக்குமுன், அந்த வீட்டில் யார் எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். பாதி நடை அங்கேதான் தடைப்பட்டிருக்கும்.

அடுத்த திங்கள், நெடுந்தீவில் வீட்டுக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் எவ்வளவு தூரம் என்று பார்க்க நானும் கூடப் போனேன். குறிகட்டுவான் இறங்குதுறையில் போட்காரப் பெடியள் இரண்டுபேர் அக்காவைக் கதிரையோடு தூக்க வந்தார்கள்.

"கையை மட்டும் தாருங்கோ, தூக்கவேண்டாம்" என்றார் அக்கா. ஒரு கையைப் பிடித்து, தானே காலைத் தூக்கிவைத்து போட்டுக்குள் இறங்கினார்.

அதற்குப் பிறகு பெடியள் என்னைத்தான் கதிரையோடு தூக்கி இறக்கினார்கள்.